சென்னை டு யாழ்ப்பாணம்: 355 கி.மீ. போக எவ்வளவு நேரம்?

சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்தான். சென்னை - மதுரை வான்வழித் தூரமே இதைவிட அதிகம்!

ஆனால் 2019 வரை இந்தப் பயணத்துக்கு ஒரு நாள் முழுசாகப் போய்விடும். சென்னையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 645 கி.மீ. பறக்க வேண்டும். அங்கே இறங்கி, பஸ்ஸிலோ வேனிலோ மறுபடி வடக்கு நோக்கி 7, 8 மணி நேரம். வீட்டைத் தாண்டிப் போய், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிற கதைதான். கல்யாணத்துக்கு என்றால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பலாம். சாவு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் என்ன செய்வார்கள்? முகம் பார்க்க முடியாமல் போனவர்கள் இரண்டு கரையிலும் உண்டு.

2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் நேரடி விமானத்தைத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் பறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் சேவை தொடங்கியது. அது இன்னும் பக்கம், சுமார் 185 கி.மீ.தான்.

இந்த ரூட்டில் பறப்பது ஏ.டி.ஆர். எனும் சிறிய விமானம். மணிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் 45 நிமிடத்தில் போய்விடலாமே, டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி நேரம் என்று கேட்கலாம். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, இறங்கிய பின் நிறுத்தப்படும் வரை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். ரன்வேக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் 3 மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருப்பது நல்லது. பாஸ்போர்ட், விசா நடைமுறைகளும் உண்டு. கடிகாரத்தை மட்டும் தொட வேண்டாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்தான்.