இறுகிய நெம்புகோல்

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்போர் சிலர் ஒரு குறையைச் சொல்லிவிட்டு உடனே அதைக் கடந்து போவார்கள். டிஃப் லாக் நெம்புகோல் பக்கவாட்டில் அசைவதில்லை என்பதே அது. தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அது எதற்கு என்பது அவர்கள் வாதம். இதனோடு நாம் உடன்படுவதற்கில்லை.

இவ்வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்கிறது. வளைவில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் உருள்வதால், அவ்வேறுபாட்டை ஏற்க நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. சேற்றில் அதுவே பகையாகிவிடுகிறது. ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து சுழன்றால் விசை அவ்வழியே வீணாகிறது. மற்ற மூன்றும் வாளாவிருக்கின்றன. முன் அச்சையும் பின் அச்சையும் பிணைத்து இதைத் தடுப்பதற்கே பூட்டு. அது வேண்டுமென்று தெரியவரும் இடத்தில் பழுதுபார்க்க எவரும் இருக்கமாட்டார்கள்.

உள்ளிருக்கும் உறுப்புகள் எண்ணெயில் நனைந்தே கிடப்பதால் பெரும்பாலும் கெடுவதில்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் வெளியே உள்ள லிங்கேஜ்தான் சேறும் நீரும் பட்டு, அசைவின்றிக் கிடந்து துருவேறுகிறது.

நெம்புகோலைப் பலங்கொண்டு இழுப்பவர்கள் கம்பியை வளைத்துவிடுவதுண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முதலில் இணைப்புக் கம்பியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். இறுக்கம் எந்தப் பக்கம் என்பது அப்போது தெரிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை மூட்டுகளில் விட்டு ஓர் இரவு காத்திருக்கவேண்டும். மறுநாள் ஒரு நூலளவு இப்படியும் அப்படியும் அசைத்து, மீண்டும் எண்ணெய் விடவேண்டும். இரண்டு மூன்று நாள் ஆனாலும் குற்றமில்லை. இளகியபின் துருவைத் துடைத்துக் கிரீஸ் இடவேண்டும். நெம்புகோலைத் தள்ளியதும் விளக்கு எரியாவிட்டால் பதற வேண்டாம். பற்கள் நேர்ப்பட வண்டி சற்றே உருளவேண்டும்.

1998-இல் வந்த இரண்டாம் டிஸ்கவரியில் மின்னணு இழுவைக் கட்டுப்பாட்டை நம்பி நெம்புகோலின் இணைப்பை நீக்கினார்கள். தொடக்க ஆண்டு வண்டிகளில் பூட்டு மட்டும் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. அதையறிந்த உரிமையாளர்கள் லிங்கேஜைத் தேடி வாங்கித் தாமே பொருத்திக்கொண்டார்கள். இல்லாதவர் தேடிப் பெற்றதை இருப்பவர் துருவேறவிடுவது நமக்கு வருத்தமளிக்கிறது.

மாதம் ஒருமுறை சரளையிலோ புல்தரையிலோ பூட்டைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டி எடுத்தால் போதும். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் கூடாது. அச்சுகள் முறுக்கேறி, பூட்டு விடுபட மறுக்கும். அப்படி நேர்ந்தால் சில அடி பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். இச்சிறு உழைப்புக்கு நேரமில்லை என்போர், மலைச்சரிவில் மழையில் நிற்கும்போது எவரையும் நொந்துகொள்ள இயலாது.