நெஞ்சு வலிக்கு யார் ஜவாப்தாரி?

பிரசங்கம் செய்ய அழைத்தால் போகக்கூடாது என்று வருஷத்துக்கு ஒரு தடவை நான் சபதம் செய்துகொள்வதுண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அதை முறிப்பதும் உண்டு. 2025 செப்டம்பர் 29-ஆம் தேதி, உலக இருதய தினம் என்று சொல்லி, ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். கதை எழுதுகிறவனுக்கும் இருதய வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பார்த்தேன். "நீங்கள் இருதயத்தைப் பற்றித்தானே ஸார் எழுதுகிறீர்கள்!" என்றார் அழைக்க வந்த பிரமுகர். சிலேடைக்கு மயங்குகிறவன் உருப்படுவதில்லை, நான் மயங்கினேன்.

மேடையில் டாக்டர் ஒருவர் பேசினார். நன்றாகவே பேசினார். தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நட, எட்டு மணி நேரம் தூங்கு, உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, காய்கறி, பழம் சாப்பிடு, புகையை விடு, கவலைப்படாதே. இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எதிரே கம்பெனிச் சட்டை போட்ட இளைஞர்கள் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஸார், மூணாவது ஷிப்ட் முடிஞ்சு பஸ் புடிச்சு ரூமுக்கு வரவே ஏழரை ஆயிடுது. அதுக்கப்புறம் லாரி போற ரோட்டுல எங்க ஸார் நடக்கறது? எட்டு மணி நேரம் தூங்கலாம், பாய் வேணுமே? எங்க ரூம்ல அடுத்த ஆள் வர்ற வரைக்கும்தான் பாய்."

மண்டபம் சிரித்தது. டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும்போதுதான், நான் ஏன் சிரித்தேன் என்று யோசித்தேன். அவன் ஹாஸ்யம் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன ஏழு உபதேசங்களில் இரண்டு அவனுடைய நாளில் எந்த மணிக்குள் அடங்கும் என்று கேட்டான், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவனைத் தேடிக்கொண்டு போனேன். மாத்தூரில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை அறைகளில் ஒன்று. பத்தடிக்குப் பத்தடி. ஆறு பேர். மூன்று பேர் வேலையில் இருக்கும்போது மூன்று பேர் படுக்கிறார்கள். ஜன்னலுக்குத் துணி போட்டுப் பகலை இரவாக்கியிருந்தார்கள். பையன் போளூர்ப் பக்கம்; வயது 29; ஐ.டி.ஐ. படித்தவன். ஆறு வருஷத்தில் இது மூன்றாவது தொழிற்சாலை. எல்லாமே ஒப்பந்தக்காரர் மூலம். டீ வாங்கிக் கொடுத்தான். நான் காசு கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டான்.

பேசிக்கொண்டே இருந்தவன், டிரங்குப் பெட்டியைத் திறந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் காட்டினான். எங்கோ ஓர் இலவச முகாமில் எழுதிக் கொடுத்தது. ரத்தக் கொதிப்பு 160-க்கு 100.

"மருந்து சாப்பிடுகிறாயா, தம்பி?"

"ஊருக்குப் போனா அம்மாகிட்ட வாங்கிட்டு வருவேன் ஸார். அவங்களுக்கு வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க. அதுல பாதி எனக்கு."

"இங்கேயே ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளக் கூடாதா?"

"அவங்க குடுக்கற நேரத்துல நான் தூங்கணும், இல்லாட்டி உள்ள இருக்கணும். கம்பெனி டாக்டர்கிட்ட சொன்னா அடுத்த தடவை மெடிக்கல்ல நிறுத்திடுவாங்க. ஸார், இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவன் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாயும் மகனும் ஒரே மாத்திரை அட்டையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆகையால் இருவருக்குமே கொதிப்பு அடங்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் உண்மையிலேயே நல்ல திட்டம். அந்தத் தாயின் வாசற்படிக்கு மாத்திரை வந்து சேருகிறதே, அது சாதாரணக் காரியமா? ஆனால் அது வீட்டைத் தேடிப் போகிறது. ஷிப்டுக்கு ஷிப்டு பாயை மாற்றிக்கொள்கிறவனுக்கு வீடு எது? 2024-ல் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் ஏற்பாட்டையும் சர்க்கார் தொடங்கியது. அதையும் பாராட்டுகிறேன். அந்தப் பரிசோதனைச் சீட்டு முதலாளி கண்ணில் படாது என்று யார் அவனுக்கு உறுதி கொடுப்பது என்று மட்டும் கேட்கிறேன்.

எனக்குச் சதவீதங்களிடம் பொதுவாகவே அவநம்பிக்கை உண்டு. கதைக்காரனுக்கு நூற்றுக்கு ஏழரைப் பேர் என்று யாரும் கிடையாது. இருந்தாலும் இந்த விஷயத்தில் கணக்கைப் பார்க்காமல் பேசுவது அயோக்கியத்தனம். 1990-ல் இந்தியாவில் நேர்ந்த மரணங்களில் நூற்றுக்கு 15.2 இருதய, ரத்தக் குழாய் வியாதிகளால் வந்தவை. 2016-ல் அது 28.1. (இதில் ஒரு பங்கு நல்ல சமாசாரம்: குழந்தைகள் பேதியிலும் ஜுரத்திலும் சாவது குறைந்ததால், மற்றக் காரணங்களின் பங்கு கூடித் தெரிகிறது. அதைச் சொல்லாமல் பயமுறுத்தக் கூடாது.) சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேரைப் பரிசோதித்தார்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35.5 பேருக்கு ரத்தக் கொதிப்பு, 11.4 பேருக்கு நீரிழிவு, 39.5 பேருக்குத் தொந்தி. நம் தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16-ல் நூற்றுக்கு 30.9, 2019-21-ல் 40.4. ஐந்தே வருஷத்தில் பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். ஆண்கள் 28.2-லிருந்து 37. ஐந்து வருஷத்தில் ஒரு ஜனசமூகத்துக்கே மனோதிடம் குறைந்துபோய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. மாறினது மனசு இல்லை; நாள் மாறியிருக்கிறது, தட்டு மாறியிருக்கிறது, வேலை மாறியிருக்கிறது.

இன்னொரு கணக்குத்தான் என்னை உலுக்கியது. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில் நூற்றுக்கு 33.9 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அப்படி இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருந்தது? நூற்றுக்கு 7.3 பேருக்கு. ஐந்து பைசா, பத்துப் பைசா சமாசாரமாக இருந்த மாத்திரை இன்றைக்கும் மலிவுதான். சர்க்கார் இலவசமாகவே கொடுக்கிறது. மாத்திரை இருக்கிறது, வியாதி இருக்கிறது, இரண்டும் சந்திக்கிற நேரம்தான் இல்லை.

நம் மாதிரி மத்தியதர வர்க்கத்து ஆசாமிகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இருதய வியாதி என்பது பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும், நெய்யில் மிதக்கும் பணக்காரர்களுக்கும் வருவது. உடம்பால் உழைக்கிறவனுக்கு ஏன் வரும்? இது பொய் என்று நிரூபணமாகி வெகு காலம் ஆகிறது. லண்டனில் 1967 முதல் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கார் உத்தியோகஸ்தர்களை மைக்கேல் மார்மட்டும் மற்றவர்களும் கவனித்தார்கள். இருதய வியாதியால் இறந்தவர்கள், உச்சிப் பதவியில் இருந்தவர்களைவிடக் கடைசிப் படியில் இருந்த சேவகர்களில் 3.6 மடங்கு! பீடி சிகரெட், கொதிப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதும் போகவில்லை. தன் நாள் தன் கையில் இல்லாதவனுக்கே நெஞ்சு சீக்கிரம் பழுதாகிறது. நம் தேசத்துக் கணக்கு வேண்டுமா? பத்து இந்தியத் தொழிற்சாலைகளில் தொழிலாளரும் குடும்பத்தாருமாக ஏறக்குறைய 20,000 பேரைப் பரிசோதித்து, டாக்டர் ஸ்ரீநாத் ரெட்டி முதலானோர் 2007-ல் வெளியிட்டார்கள். படிப்புக் குறைந்தவர்களிடம்தான் புகையிலையும் ரத்தக் கொதிப்பும் அதிகம்.

பஸ் விஷயமும் வேடிக்கையானது. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற வைத்தியர் லண்டன் பஸ்களைப் பார்த்தார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவருக்கு மாரடைப்பு அதிகம். மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்குக் குறைவு. தேகாப்பியாசத்தின் பெருமையைச் சொல்ல எல்லோரும் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன், நாற்காலியை விட்டு எழாத நானும் அந்த டிரைவர் ஜாதிதான், எனக்கு நடை அவசியம். ஆனால் கண்டக்டர் விடியற்காலையில் எழுந்து தனியாக மாடிப்படி ஏறவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. அவருடைய வேலையே அவருக்கு நடையைக் கொடுத்தது. ஒரகடத்துப் பையனுக்கு வேலை கொடுப்பது என்ன? எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது. அதை நடை என்று எந்த வைத்தியனும் சொல்ல மாட்டான்.

2023 நவம்பரில் சர்க்கார் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அமைத்து, 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் நடப்பவர்களுக்கு என் வாழ்த்து. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்து பார்த்தவர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

அதே 2023-ல் இன்னொரு காரியமும் நடந்ததே! ஏப்ரல் 21-ஆம் தேதி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்ற கணக்கு மாறாது என்றார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கூச்சல் போட்ட பிறகு மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. வாபஸ் வாங்கினதற்கு நன்றி. ஆனால் அந்த மசோதாவை எழுதியவர்கள் மேஜையில் 2021-ல் வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு இருந்திருக்க வேண்டும்: வாரத்துக்கு 55 மணிக்கு மேல் உழைப்பவனுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவனைவிட மாரடைப்பால் சாகும் அபாயம் நூற்றுக்கு 17 அதிகம், பக்கவாத அபாயம் 35 அதிகம். ஷிப்டு வேலையே மாரடைப்பைச் சுமார் கால் பங்கு கூட்டுகிறது என்று, இருபது லட்சம் பேரைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2012-ல் சொன்னார்கள். 48 மணியோடு ஓ.டி.யைக் கூட்டிப் பாருங்கள். ஓ.டி. இல்லாத சம்பளத்தில் வாடகையும் கொடுத்து ஊருக்கும் பணம் அனுப்ப முடியுமா என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தார். "உன் பையன் ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா தின்கிறான், சிகரெட் பிடிக்கிறான். அதற்கும் கம்பெனியா ஜவாப்தாரி?" என்றார். நியாயமான கேள்வி. அவன் புரோட்டா தின்பது வாஸ்தவம். தூக்கம் வராமல் இருக்கப் பிடித்த சிகரெட் இப்போது தூங்கப் போகும்போதும் வேண்டியிருக்கிறது என்று அவனே சொன்னான். ஆனால் அவன் அறையிலிருந்து பார்த்தால் அந்த நேரத்தில் விளக்கு எரிகிற கடை அது ஒன்றுதான். தொழிற்சாலைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அந்தத் தாயின் வீட்டுக்குத் தளம் போட்டது ஒரகடத்துச் சம்பளம். ஏரியும் வயலும் அழிந்ததே என்று அழுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

எது பலித்திருக்கிறது என்று பாருங்கள். 2008 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் பொது இடத்தில் புகைப்பதைச் சட்டம் தடுத்தது. வரியும் எச்சரிக்கைப் படமும் சேர்ந்தன. புகையிலை உபயோகிப்பவர்கள் 2009-10-ல் நூற்றுக்கு 34.6, 2016-17-ல் 28.6. வனஸ்பதி போன்றவற்றில் உள்ள கெட்ட கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு இரண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதற்காக எந்தத் தொழிலாளியும் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு அது தெரியவும் தெரியாது. பின்லாந்தில் வட கரேலியா என்ற ஜில்லாவில் 1972-ல் பெக்கா புஸ்காவும் அவரைச் சேர்ந்தவர்களும் பால்பண்ணை, கசாப்புக்கடை, பள்ளிக்கூடச் சாப்பாடு எல்லாவற்றையும் மாற்றப் புறப்பட்டார்கள். சில பத்தாண்டுகளுக்குள் உழைக்கும் வயது ஆண்களின் இருதய மரணம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது. பிரசங்கமும் செய்தார்கள்தான். ஆனால் வெண்ணெயையும் உப்பையும் தட்டுக்கு வருமுன்பே பிடித்தார்கள்.

இங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அடுப்பில் சமைக்கும் காண்டீன்கள் இருக்கின்றன. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே 250 பேருக்கு மேல் இருந்தால் காண்டீன் வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அந்தச் சாம்பாரில் எவ்வளவு உப்பு என்று சட்டம் கேட்டதா? ஒரு சமையல்காரர் கையை ஒரு சிட்டிகை மடக்கினால் மூன்று ஷிப்டுக்கும் ரத்தக் கொதிப்பு இறங்கத் தொடங்கும். இதற்கு என்ன செலவு?

2025 நவம்பர் 21-ஆம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இலவச வைத்தியப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். நாற்பது! உலகத்தின் மற்றப் பகுதிகளில் முதல் மாரடைப்பு சராசரி 58.8 வயதில் வரும்போது, தெற்கு ஆசியாவில் 53-லேயே வருகிறது என்று 2007-ல் எழுதினார்கள். அடித்தளம் இருபதுகளிலேயே போடப்படுகிறது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் வாசலில் ஷிப்டு விடும் நேரத்தில் நின்று பாருங்கள். நாற்பது வயது முகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் பையனுக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது. அதற்குள் எத்தனை ஒப்பந்தக்காரர்களோ, எத்தனை மெடிக்கலோ!

கல்யாண மண்டபத்துப் பிரமுகர் மறுபடியும் கடிதம் போட்டிருக்கிறார். 2026-லும் நான்தான் வந்து பேச வேண்டுமாம். வருகிறேன் என்று எழுதினேன். மண்டபம் வேண்டாம், காலை ஆறரை மணிக்கு மூன்றாவது ஷிப்டு பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில் ஒரு மேஜை போட வேண்டும், ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியும் ஒரு மாதத்து மாத்திரையும் மேஜை மேல் இருக்க வேண்டும், சீட்டில் கம்பெனி பெயர் எழுதக் கூடாது, பிரசங்கம் கிடையாது. கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை.