சாதகப் பொருத்தமும் சம்பளச் சீட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு விவாகப் பேச்சு எழுந்தால், சாதகங்களை எடுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போய், தினப்பொருத்தம் முதலான பத்துப் பொருத்தங்களையும் பார்ப்பித்து, செவ்வாய் தோஷம் உண்டோ இல்லையோ என்று தெளிந்த பின்னரே சீதனத்தைப் பற்றி வாய் திறப்பது நெடுங்கால வழக்கம். மாப்பிள்ளை இலண்டனில் இருப்பவரானால், எந்தப் பஞ்சாங்கமும் அறியாத பதினோராவது பொருத்தம் ஒன்றும் இப்போது அதனோடு சேர்ந்துகொள்கிறது. அவருடைய ஆண்டு வருமானம் 29,000 பவுணை எட்டுகிறதா என்பதே அது.

வெளிநாட்டிலிருந்து மனைவியையோ கணவனையோ அழைப்பிக்க விரும்புபவருக்கு ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் வேண்டும் என்று பிரித்தானிய உள்துறை அமைச்சு 2012 ஜூலையில் விதித்தது. 2024 ஏப்ரல் 11ஆம் திகதி தொடக்கம் அத்தொகை 29,000 ஆயிற்று. அதனையும் 38,700 வரை ஏற்றப்போவதாக 2023 டிசெம்பரில் அந்நாள் அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி அறிவித்திருந்தார். ஆட்சி மாறியதால் அவ்வுயர்வு நின்றது. அந்நாட்டு அரசாங்கமே நியமித்த குடிவரவு ஆலோசனைக் குழு, 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், 23,000க்கும் 25,000க்கும் இடைப்பட்ட தொகை ஒரு குடும்பம் தன்னைத் தாங்கிக்கொள்ளப் போதுமானது என்று அபிப்பிராயம் தெரிவித்தது.

இத்தொகையின் பாரத்தை உணர ஒரு சிறு கணக்குப் போதும். 2025 ஏப்ரலில் அங்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ். வாரம் நாற்பது மணி நேரம் வீதம் ஆண்டு முழுவதும் பெற்றோல் நிலையத்திலோ பலசரக்குக் கடையிலோ இரவும் பகலும் மாறிமாறி நிற்கும் நம்முடைய பையனுக்கு அது ஏறத்தாழ 25,400 பவுண் ஆகிறது. சட்டப்படி வேலை செய்து, சட்டப்படி வரி செலுத்தி, சட்டம் வகுத்த கூலியையே பெறுகின்ற ஒருவன், அதே சட்டத்தின் கண்ணில் மனைவியை வைத்துக் காப்பதற்குத் தகுதியற்றவனாகி நிற்கிறான் என்றால், அந்த நியாயத்தின் உட்பொருள் என்னவென்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வந்து சேரும் பெண் அரசாங்கத்துக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அக்காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. எந்த அரசும் தன் பொக்கிஷத்தைக் காக்கவே செய்யும். ஆனால் இவ்விசாவில் செல்பவர் அரசாங்க உதவிப் பணம் எதையும் பெறலாகாது என்ற நிபந்தனை முன்னரே இருக்கிறது. மருத்துவ சேவைக்கென்று ஆண்டுக்கு 1,035 பவுணை விண்ணப்பிக்கும்போதே முற்பணமாகக் கட்டவும் வேண்டும். அதற்கு மேலும் விசித்திரமானது, யாருடைய உழைப்பு எண்ணப்படுகிறது என்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று இங்கு உத்தியோகம் பார்க்கும் பெண்ணின் சம்பளத்தில் ஒரு சதமும் கணக்கில் சேராது. அங்கு போனபின் அவள் தாதியாகவோ கணக்காளராகவோ கணவனிலும் கூடுதலாகச் சம்பாதிக்கக்கூடும் என்பதும் சேராது. சேமிப்பைக் காட்டித் தப்பலாமென்றால், வருமானமே இல்லாதவர் 88,500 பவுண் வைத்திருத்தல் வேண்டும். இப்படி வடிகட்டும்போது வைத்தியரும் பொறியியலாளரும் எளிதாகக் கடந்துபோக, கடைச் சிப்பந்தி வெளியே நிற்கிறான்; கடந்துபோகக்கூடிய மாப்பிள்ளைகள் அருகிவிடுவதால் அவர்களுக்குரிய சீதனம் இங்கே ஏறுகிறது. இலண்டனில் உட்கார்ந்து விதி எழுதியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, நமக்குத் தெரியும்.

இதே பிரித்தானியக் கொடியின் கீழ் நம்முடைய பாட்டன்மார் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கச்சேரிகளிலும் எழுதுவினைஞராக இருந்து, லீவில் வந்து விவாகம் செய்து, மனைவியரைக் கப்பலேற்றிக் கூட்டிச் சென்ற காலத்தில், அந்தச் சம்பளம் ஒரு பெண்சாதிக்குப் போதுமா என்று துறைமுகத்தில் எவரும் கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. சாம்ராஜ்யத்துக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டார்கள். தேவை முடிந்த பிறகு சந்தேகம் தொடங்கியது: 1979இல் ஹீத்ரோ விமான நிலையத்தில் விவாகத்துக்காக வந்திறங்கிய இந்தியப் பெண்ணொருத்தியின் கன்னிமையைச் சோதித்த அவமானம் வெளிப்பட்டது, பின்னர், குடியேறுவதே இவ்விவாகத்தின் முதன்மை நோக்கமன்று என்று விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டுமென்றொரு விதி 1997 வரை இருந்தது. இல்லாத நோக்கத்தை இல்லையென்று எப்படி நிரூபிப்பது?

அவ்விதி போனாலும் அதன் வாசனை போகவில்லை. பெற்றோர் பேசி முடிக்கும் விவாகத்தில் இருவரும் பல்லாண்டு பழகியதற்குச் சான்று தேடினால் எங்கே கிடைக்கும்? அகதியாக ஏற்கப்பட்டவர் ஊருக்குத் திரும்ப அஞ்சுவதால், பெண்வீட்டார் கூறையையும் தாலியையும் எடுத்துக்கொண்டு திருச்சிக்கோ சென்னைக்கோ போய்ச் சில நாட்களில் சடங்கை முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த அவசரமே அதிகாரியின் மேசையில் ஐயத்துக்கு இடமாகிவிடுகிறது. எனவே நம்முடைய கலியாணப் படப்பிடிப்புக்காரர்கள் விசாவுக்கென்றே தனியாகப் படம் எடுத்துக் கொடுக்கும் நிலை வந்திருக்கிறது.

கனடாவின் அனுபவம் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. அங்கு மனைவியை ஸ்பொன்சர் செய்பவர் மூன்று ஆண்டுகள் அவளைப் பராமரிப்பதாகப் பொறுப்பேற்கிறாரேயன்றி, பொதுவாக அவருக்கு வருமான எல்லை வகுக்கப்படவில்லை. 2012 அக்டோபரில் அந்நாடும், விவாகமாகி அதிக காலமாகாத தம்பதிகள் இரண்டு ஆண்டுகள் கூடி வாழ்ந்தாலொழிய வந்தவரின் நிரந்தர வதிவிடம் பறிபோகும் என்றொரு நிபந்தனையை விதித்துப் பார்த்தது; கணவனின் கொடுமையைச் சகித்துக்கொண்டிருக்கவே அது பெண்களை நிர்ப்பந்திக்கும் என்ற கண்டனங்களை ஏற்று, 2017 ஏப்ரலில் நீக்கியது. பிரித்தானியாவிலோ 2012க்கு முன் இரண்டாண்டாக இருந்த தகுதிகாண் காலம் அவ்வாண்டிலேயே ஐந்தாக நீட்டப்பட்டது. அடிபடும் பெண்ணுக்கு அங்கும் விதிவிலக்கு உண்டு என்பது மெய். ஆயினும் மொழியும் உறவும் அற்ற ஊரில் அந்த விதிவிலக்கின் வாசலை அவள் கண்டுபிடிப்பதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடும்.

அந்நாட்டு விதியை நாம் மாற்ற முடியாது. ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாக்குரிமையோடு வாழும் நம்மவர், ஆலோசனைக் குழு சொன்ன தொகையையும், பெண்ணின் வருமானத்தைச் சேர்த்தெண்ணுவதையும் தத்தம் பாராளுமன்ற உறுப்பினரிடம் வலியுறுத்தலாம். இங்குள்ள பெற்றோரின் கையில் இருப்பது வேறொன்று. விண்ணப்பத்துக்கு விவாகப் பத்திரம் வேண்டுமென்பதற்காகச் சடங்குக்கு முன்னரே அவசரமாக எழுத்தை எழுதிவிடுகிறார்கள், “ஸ்பொன்சர் போட்டாச்சோ?” என்று ஊர் கேட்கத் தொடங்குகிறது; பின்பு சம்பளம் போதவில்லை என்று விசா மறுக்கப்படுகிறது. ஒரு நாளும் கூடி வாழாத அந்தப் பெண் சட்டப்படி மனைவி. இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குச் சோரம், வன்மத்தோடு கைவிட்டுச் செல்லல், விவாக வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை என்ற மூன்றே காரணங்கள் உண்டு. விசா கிடைக்கவில்லை என்பது அவற்றுள் ஒன்றன்று. எனவே விடுபடுவதற்கு அவள் மாவட்ட நீதிமன்றத்தில் யார் மீதாவது குற்றம் சாட்டியாக வேண்டும், செய்யாத குற்றமாயினும்.

ஆகையால் சாதகத்தோடு ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் எழுத்துக்கு முன்னரே கேட்டு வாங்குவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பிரித்தானியாவுக்காயின், விவாகம் செய்யப்போகிறவர் என்ற நிலையில் ஆறு மாத விசாவில் சென்று அங்கேயே பதிவு செய்யும் வழியும் இருக்கிறது. இருமுறை விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால் செலவு கூடும், வருமான எல்லையும் அதேதான், ஆனால் மறுக்கப்பட்டால் பெண் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.