பழைய காருக்குப் பகல் விளக்கு எதற்கு?

நன்னிலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார்களை இன்னும் செவ்வையாகப் பராமரித்து வருகிறவர்கள் அநேகர். உற்பத்தியே நின்றுபோன மாருதி 800, ஆம்னி, இண்டிகா முதலிய வண்டிகள் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் திருவாரூருக்கும் கும்பகோணத்துக்கும் சளைக்காமல் போய் வருகின்றன. இவற்றின் சொந்தக்காரர்களிடையே ஒரு புது ஆசை பரவியிருக்கிறது: புதிய கார்களின் முகப்பில் பட்டப்பகலிலும் வெள்ளை வெளேரென்று எரிகிற டி.ஆர்.எல். என்னும் பகல் விளக்கைத் தம் பழைய வண்டியிலும் பொருத்திவிட வேண்டும் என்பது அது. அழகுக்காகச் செய்கிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை; அவரவர் காசு, அவரவர் ருசி. பாதுகாப்பு என்ற நல்லெண்ணத்தோடு பணம் செலவழிக்க முன்வருகிறவர்களுக்கோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு வேண்டியதில்லை. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் முன்விளக்கை, வேண்டிய வேளையில், பகலிலும் டிம்மில் எரியவிட்டால் போதும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பகலில் விளக்கெரிக்கும் வழக்கம் வடதுருவத்தை அடுத்த தேசங்களில் வேரூன்றியது. பின்லாந்து 1972இல் ஊர்ப்புறச் சாலைகளில் குளிர்காலத்துக்கு மட்டும் அதைக் கட்டாயமாக்கிற்று. சுவீடன் 1977இல் வருஷம் முழுவதற்கும் விதித்தது. நார்வேயும் டென்மார்க்கும் பின்தொடர்ந்தன. கனடா 1989 டிசம்பர் முதல் தயாராகும் புது வண்டிகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதல் புதிதாக வெளிவரும் கார் ரகங்களுக்கும் இதை விதியாக்கின. காரணம் வெளிப்படை. ஸ்டாக்ஹோம் நகரில் டிசம்பர் பிற்பகுதியில் நடுப்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் ஏழு பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறான். பகல் முழுவதும் அந்திப்பொழுதாகவே கழிகிறது. ஓட்டுகிறவன் கண்ணில் வெயில் நேராகக் குத்துகிறது. அதே நாளில் அதே உச்சிவேளையில் நன்னிலத்துச் சூரியன் 55 பாகைக்கு மேல் நிற்கிறான். அவர்களுடைய வியாதிக்கு எழுதிய மருந்துச்சீட்டு நமக்கு அப்படியே பொருந்துமென்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகவே நமக்குப் பகலில் விளக்கே வேண்டாம் என்று முடித்துவிடலாமென்றால், டெல்டாவின் சாலைகள் அப்படி முடிக்க விடுவதில்லை. மயிலாடுதுறையிலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், சன்னாநல்லூர் வழியாகத் திருவாரூர் செல்லும் சாலையையும், அதிலிருந்து கிளை பிரிந்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் கிராமச் சாலைகளையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரை மாதத்து வெயிலில், சாலையை அகலப்படுத்தியபோது தப்பிப் பிழைத்த புளியமரங்களின் கீழே விழும் நிழல் மையைப் போல் அடர்ந்திருக்கும்; வெயிலில் பழகிய கண்ணுக்கு அந்த நிழலுக்குள் வரும் சாம்பல் நிறக் கார், நிழலை விட்டு வெளிப்படும்வரை தெரிவதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மாலை நாலரை மணிக்கே வானமும் சாலையும் வயலில் தேங்கிய நீரும் ஒரே வெள்ளி நிறமாகிவிடுகின்றன. அதில் வெள்ளைக் கார் ஒன்று எதிரே வருகிறதென்பது வைப்பரின் ஒரு வீச்சுக்கும் மறுவீச்சுக்கும் இடையில் தெரிந்து மறைகிறது. தை பிறந்து சம்பா அறுவடை நடக்கும்போது, அகலமெல்லாம் பிதுங்க வைக்கோல் ஏற்றிய டிராக்டரை முந்துவதற்காக வலப்பக்கம் எட்டிப் பார்க்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கு, எதிரே வரும் கார் முழு உருவமாகத் தெரியும் முன் ஓர் ஒளிப்புள்ளியாகத் தெரிந்தால் அதுவே அவருடைய உயிரைக் காக்கும். ஆபத்து பிரத்தியட்சம், அதற்கு விளக்கு வேண்டும் என்பதிலும் தகராறில்லை. எந்த விளக்கு என்பதே கேள்வி.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். மாண்டவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் இந்தியா முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவர்களை உத்தேசித்தே 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கும் எரியும்படி மத்திய சர்க்கார் விதி செய்தது. அந்த வருஷத்தில் நம் தெருக்களில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: எதிரே வருகிற ஒவ்வொருவரும் கையை நீட்டி ஐந்து விரல்களையும் குவித்து விரித்து, “லைட் எரியுதுங்க” என்று பரோபகார சிந்தனையோடு சைகை காட்டினார்கள், புது வண்டிக்காரர் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போனார். இப்போது யாரும் கை காட்டுவதில்லை. பகலில் எரியும் விளக்குக்கு ஜனங்கள் பழகிவிட்டார்கள். காரில் அதே காரியத்தைச் செய்வதற்கு மனத்தடை ஏதும் மிச்சமில்லை.

இனி, கடையில் விற்கும் பொருளைப் பார்ப்போம். பகல் விளக்கு என்பதற்கு ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 87ஆம் எண் விதிமுறை ஒன்று உண்டு. அதன்படி நேர் எதிரே அதன் ஒளி 400 கேண்டெலாவுக்குக் குறையவும் கூடாது, 1,200க்கு மிகவும் கூடாது. முன்விளக்கைப் போட்ட மாத்திரத்தில் அது தானாக அணையவோ மங்கவோ வேண்டும் என்பதும் முறை. நம் பக்கத்துச் சந்தையில் அளந்து விற்கப்படும் ஒட்டுப்பட்டைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. வெயிலில் அது இருப்பதே தெரியாது. இருட்டினால் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும். வேண்டாத நேரத்தில் பிரகாசமும் வேண்டிய நேரத்தில் மௌனமும் சாதிக்கும் பண்டத்தைப் பாதுகாப்புச் சாதனம் என்று அழைப்பது வியாபார சாமர்த்தியம். அதைப் பொருத்தும் விதமோ இன்னும் மோசம். வருஷக்கணக்காக எஞ்சின் சூட்டில் கிடந்து விறைத்துப்போன வயரின் மேலுறையைப் பிளேடால் சீவி, புது வயரை அதில் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். பியூஸும் இல்லை, ரிலேயும் இல்லை. ஒரு மழைக்காலம் கழிந்து அந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அங்கே ஷார்ட் ஆகி வண்டியே புகைந்தால், பாதுகாப்புக்காகச் செய்ததே ஆபத்தாக முடிந்த கதைதான்.

முறையான, தரச்சான்று பெற்ற ஜோடி விளக்குகளும் கிடைக்கின்றனவே, தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒழுங்காகப் பொருத்தினால் என்ன என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருத்தினால் முன்பக்கம் சரியாகிவிடும் என்று ஒப்புக்கொள்கிறோம். பின்பக்கம்? பொதுவாகப் பகல் விளக்கு எரியும்போது வண்டியின் பின்விளக்கு எரிவதில்லை. புதிய கார்கள் பலவற்றில் வெளிச்சம் குறைந்ததும் எல்லா விளக்குகளும் தாமாகவே எரியும் ஏற்பாடு உண்டு. பழைய வண்டியில் அதற்கு வழியில்லை. விளைவு என்னவென்றால், கார்த்திகை மாதத்து அடைமழையில் ஐந்தரை மணிக்குத் தம் பம்பருக்கு முன்னே ஒரு வெள்ளொளி பரவியிருப்பதைக் காணும் ஓட்டுநர், விளக்குப் போட்டாயிற்று என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார். பின்னாலோ அவருடைய வண்டி முழு இருளில் இருக்கும். கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டைகளோடு பாரமேறி வரும் லாரி அவருக்கு நாற்பது அடி பின்னால் வந்துகொண்டிருக்கும். மேல்நாடுகளிலேயே இந்த மயக்கத்தைப் பற்றிய புகார் உண்டு. தெருவிளக்கில்லாத நம் சாலையில், ஒதுங்குவதற்கு வாய்க்காலைத் தவிர வேறிடமில்லாத நம் சாலையில், அதன் பயங்கரம் பன்மடங்கு. சாதாரண முன்விளக்கை டிம்மில் போட்டால் பின்விளக்கும் கூடவே எரிகிறது. பழைய வண்டியின் ஒரே சுவிட்சில் அடங்கியிருக்கும் இந்தச் சௌகரியத்தை விலை கொடுத்து வாங்கும் பகல் விளக்கு தருவதில்லை. நமது வாதத்தின் உயிர்நிலை இதுதான்.

மேல்நாட்டு அனுபவமும் ஒருமுகமாக இல்லை. ஆஸ்திரியா 2005இல் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 ஜனவரியில் அந்த விதியை ரத்துச் செய்துவிட்டது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி, எல்லா வாகனங்களையும் சேர்த்துப் பார்த்தால் திட்டவட்டமாகச் சொல்லத்தக்க பலன் தெரியவில்லை என்றது. எல்லாக் கார்களும் எப்போதும் ஒளிவீசினால் அந்த வெளிச்சக் கூட்டத்தில் மோட்டார் சைக்கிளின் ஒற்றை விளக்கு எடுபடாமல் போகும் என்ற ஆட்சேபணையும் நெடுநாளாக உண்டு. இருசக்கர வண்டிகளே மிகுந்த நம் தேசத்தில் அதை லேசாக ஒதுக்க முடியாது. அதனால்தான், பகலெல்லாம் ஓயாமல் எரிக்கச் சொல்லாமல், மழை, மூடுபனி, அந்தி, அடர்ந்த நிழல், ஒற்றைத் தடச் சாலை என்ற சந்தர்ப்பங்களில் எரிக்கச் சொல்கிறோம்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆவது விதி, இரவுக்கு மட்டுமன்றிப் போதிய வெளிச்சமில்லாத எந்த நேரத்துக்கும் விளக்கெரிப்பதைக் கடமையாக்குகிறது. மழையில் விளக்கில்லாமல் ஓட்டுவது இன்றைக்கே குற்றம். அதற்காக யாரையும் நிறுத்தி விசாரித்ததாகக் கேள்விப்படுவதில்லை என்பது வேறு விஷயம். மாறாக, சட்டம் அநுமதிக்காத வகையில் வண்டியில் உறுப்புகளைச் சேர்த்து மாற்றம் செய்தால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. பகல் விளக்கு அந்த வகையில் சேருமா, சேராதா என்பது சாதாரணக் கார்க்காரருக்குத் தெளிவாகத் தெரிய வழியில்லை. போக்குவரத்துத் துறை இன்ன தரத்து விளக்கை இன்ன விதமாகப் பொருத்தலாம் என்று ஒரு பக்கத்தில் அறிக்கை வெளியிட்டால் இந்தச் சங்கடம் தீரும். அது வரும்வரை, சோதனையில் வாதாட வேண்டிய ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி முகப்பில் மாட்டிக்கொள்வது விவேகமாகாது.

பகலிலும் முன்விளக்கை எரித்தால் பல்பு சீக்கிரம் போய்விடும், பேட்டரி இறங்கிவிடும், சுவிட்ச் தீய்ந்துவிடும் என்று சொல்வார்கள். மூன்றில் முதலாவது மெய்தான். ஆனால் ஹாலஜன் பல்பின் விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் கணக்கு. வண்டி ஓடும்போது விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தருகிறது. இறங்கும்போது அணைக்க மறந்தால்தான் பேட்டரிக்குக் கேடு. சுவிட்ச் தீய்வது நிஜமான குறை. பல பழைய வண்டிகளில் முன்விளக்கின் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் அடியிலுள்ள சிறிய சுவிட்ச் வழியாகவே போகிறது. அதற்குப் பரிகாரம் இரண்டு ரிலேக்களும் ஒரு பியூஸும் கொண்ட எளிய வேலை. பகல் விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் அதைச் செய்துகொண்டு, வெள்ளிப் பூச்சு உரிந்த ரிஃப்ளெக்டரை மாற்றி, மஞ்சளித்துப்போன விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துத் தெளிவாக்கி, கருகிப்போன பின்விளக்குப் பல்புகளையும் புதிதாகப் போட்டாலும் கையில் மிச்சமிருக்கும். பகலுக்கும் இரவுக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் ஆகும் செலவு அது.

கார்க்காரர்களிடம் இவ்வளவு சொல்லிவிட்டு, பின்விளக்கோ பிரதிபலிக்கும் சிவப்புப் பட்டையோ இல்லாமல் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு போகும் டிராக்டர் டிரெய்லர்களைப் பற்றியும் அறுவடை இயந்திரங்களைப் பற்றியும் வாய் திறவாதிருந்தால் நியாயமாகாது. வைக்கோல் பாரம் தொங்கி இருக்கிற பட்டையையும் மறைத்துவிடுகிறது. சம்பா அறுவடை தொடங்குமுன், ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தின் வாசலிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் இரண்டு நாள் நின்று, பட்டையில்லாத டிரெய்லருக்கு அங்கேயே ஒன்றை ஒட்டி அனுப்பலாம். முதல் தடவை அபராதம்கூட வேண்டாம். திருவாரூர் மாவட்ட நிர்வாகம் இந்தத் தை மாதத்துக்குள் அதைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.