எலும்பு என்கிற பிக்ஸட் டெபாசிட்

அவனியாபுரத்தில் இருக்கிறது என் தங்கை வீடு. போன ஞாயிற்றுக்கிழமை போனால், வாசல் வரை சத்தம். மாப்பிள்ளை கையில் ஒரு மாத்திரை அட்டை.

"இன்னையோட இதை நிறுத்தப் போறேன் மச்சான். ஸ்டீராய்டாம்! எலும்பை அரிச்சிருமாம். எங்க ஆபீஸ்ல சொன்னாங்க."

ஆபீஸ் என்றால் எதிர் டீக்கடையும் சேர்த்துதான்.

மருமகனுக்கு ஆறு வயது. இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் காலையில் கண் இரண்டும் வீங்கி எழுந்தான். 'கொசு கடிச்சிருக்கும்' என்று விட்டோம். மூன்றாம் நாள் வயிறும் காலும் வீங்கின. சிறுநீரில் சோப்பு நுரை. 'நெப்ராட்டிக் சிண்ட்ரோம்' என்றார் டாக்டரம்மா. சிறுநீரகத்தின் சல்லடை ஓட்டையாகி, ரத்தத்து புரோட்டீன் ஒழுகிப்போகிற வியாதி. பிரெட்னிசலோன் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அடங்கிவிடும். ஆனால் பலருக்குத் திரும்பி வரும். இவனுக்கு மூன்று தடவை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மறுபடி மாத்திரை.

மாப்பிள்ளை சொன்னது முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கல். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

உடம்பில் இருக்கிற கால்சியத்தில் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும் பிக்ஸட் டெபாசிட். மிச்சம் ஒரு சதவிகிதம்தான் கைச்செலவுக்கு. இதயம் துடிக்க, தசை அசைய அது வேண்டும். அதில் துண்டு விழுந்தால் உடம்பு யாரையும் கேட்காது. நேரே போய் டெபாசிட்டை உடைக்கும்.

ஸ்டீராய்ட் வரவிலும் கை வைக்கிறது, செலவிலும் கை வைக்கிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது. சிறுநீரகம் வழக்கமாக வடிகட்டின கால்சியத்தில் 98 சதவிகிதத்தை ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். இப்போது அதில் கோட்டை விடுகிறது. எலும்பு கட்டுகிற செல்களும் வேலையில் மெத்தனம். போதாததற்கு, ஒழுகுகிற புரோட்டீனோடு வைட்டமின் டி-யும் சவாரி போய்விடுகிறது. மதுரை வெயிலில் நின்றும் வைட்டமின் டி பற்றாக்குறை என்றால் வேறென்ன சொல்ல!

இருபது கிலோ பையனுக்கு ஒரு நாள் சிறுநீரில் 80 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் போனால் அது அதிகம். கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்பது கணக்கு.

2003-ல் லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்து டாக்டர்கள் இந்த வியாதி உள்ள 100 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் எலும்பு அடர்த்தி குறைவு. அடுத்த வருஷமே அமெரிக்காவில் பிலடெல்பியா டாக்டர்கள் 60 குழந்தைகளைப் பார்த்துவிட்டு, பொதுவாகப் பெரிய குறை இல்லை என்றார்கள். ஆக, எல்லாக் குழந்தைக்கும் எலும்பு நொறுங்கிவிடும் என்பதும் இல்லை, கவலையே வேண்டாம் என்பதும் இல்லை. கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, மாத்திரையை நிறுத்தினால் என்ன? மாப்பிள்ளையை ஆபீஸ் பாணியிலேயே மடக்கினேன்.

"மாப்ள, உடம்பு தானே ஸ்டீராய்ட் தயாரிக்கும். மாத்திரை அந்த வேலையைப் பார்க்க ஆரம்பிச்சதும், அந்த ஆளு லாங் லீவுல போயிட்டான். திடீர்னு மாத்திரையை நிறுத்தினா சீட்டுல யாரும் இல்ல. பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. வீக்கமும் திரும்பி வரும். ஸ்டீராய்ட் வர்றதுக்கு முந்தின காலத்துல இந்த வியாதியில இன்ஃபெக்‌ஷன் வந்து செத்த பிள்ளைங்க ஏராளம்."

மாப்பிள்ளை அட்டையை மேஜையில் வைத்தார். திங்கட்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்தோம். குறைப்பதும் நிறுத்துவதும் அவர் வேலை, படிப்படியாக. எங்கள் வேலை வேறு.

முதலில் உப்பு. சிறுநீரில் உப்பு வெளியேறும்போது கால்சியத்தையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். அப்பளம், ஊறுகாய், மிக்சர் அவுட்! பையன் அழுதான். மாப்பிள்ளை அவனைவிட அதிகமாக அழுதார். அடுத்து பால், கேப்பைக் கூழ். நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கால்சியம், வைட்டமின் டி மாத்திரை டாக்டர் எழுதின அளவு மட்டும். மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கி அள்ளிக் கொடுத்தால் சிறுநீரகத்தில் கல் வரலாம்.

தங்கை ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். தினமும் காலையில் ஸ்டிரிப்பை நனைத்து ஆல்புமின் எத்தனை பிளஸ் என்று எழுதுகிறாள். மூன்று பிளஸ், தொடர்ந்து மூன்று நாள் என்றால் டாக்டரிடம் ஓட வேண்டும். இப்போது உயரத்துக்கும் ஒரு காலம் சேர்த்திருக்கிறாள். பையன் வளராமல் நின்றால் அதுவும் டாக்டருக்குத் தெரிய வேண்டுமே.

கடைசியாக டாக்டரம்மா சொன்னதில்தான் மாப்பிள்ளை ஆடிப்போனார். 'எலும்பு உடைஞ்சிரும், ஓடாதே' என்று ஆறு மாசமாகப் பையனை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார். ஓடினால்தான், வெயில் பட்டால்தான் எலும்பு உறுதியாகுமாம்!

அன்று சாயங்காலம் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தெருவில் இறங்கினான் மருமகன். அவனியாபுரத்துப் பிள்ளை வேறென்ன விளையாடும்? அவன் காளை, அப்பா மாடுபிடி வீரர்.

காளை இரண்டு தடவை முட்டியது. பிடிபடவில்லை.