மொய் வாங்கியவர் மொய் செய்ய வேண்டாமா?

புதியம்புத்தூர் தெருக்களில் நடந்தால் தையல் மிஷின் சத்தம் கேட்கும். ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் மண்ணில் மழையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா? ஆயத்த ஆடைத் தொழில் கை கொடுத்தது. "குட்டித் திருப்பூர்" என்ற பெயரும் வந்தது.

தைத்த துணி நேரே கடைக்குப் போகாது. "செக்கிங்" உண்டு. ஒருவர் தைத்ததை இன்னொருவர் புரட்டிப் பார்ப்பார். பிசிறு நூலை வெட்டுவார். தையல் விட்டிருந்தால் ஒதுக்கி வைப்பார். தைத்தவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது அல்லவா?

கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் செக்கிங் வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனுக்குள் லினக்ஸ் என்ற புரோகிராம் இருக்கிறது. அது ரகசியம் அல்ல. யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். இதற்குத் "திறந்த மூலம்" என்று பெயர். இப்படிப்பட்ட புரோகிராம்கள் ஏராளம். பலர் கூலி வாங்காமல் உழைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் உழைக்கிறார்கள். நல்ல காரியம்!

ஆனால் எழுதி அனுப்பப் பலர் வருகிறார்கள். வந்ததைச் சரிபார்க்க ஆள் இல்லை. ஒருவர், இருவர் தலையில் அத்தனை பாரமும் விழுகிறது.

விழுந்தால் என்ன? 2024-ல் நடந்ததைக் கேளுங்கள்.

'எக்ஸ்-இசட்' என்று ஒரு புரோகிராம். பெரிய பைல்களைச் சுருக்கிக் கொடுப்பது அதன் வேலை. பின்லாந்துக்காரர் ஒருவர் பல ஆண்டுகள் அதைத் தனியாகக் கவனித்தார். களைத்துப் போனார். அந்த நேரம் பார்த்து, "ஜியா டான்" என்ற பெயரில் ஓர் ஆள் உதவிக்கு வந்தான். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்தான். நம்பிச் சாவியைக் கொடுத்தார்கள். அவனோ புரோகிராமுக்குள் கள்ள வழி வைத்தான்! அது பரவியிருந்தால், உலகின் எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைந்திருப்பான்.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற என்ஜினீயர். தன் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கண்டார். ஏன் என்று தோண்டினார். மார்ச் 29-ல் குட்டை உடைத்தார். அரை விநாடிதான்! அதிர்ஷ்டத்தை நம்பியா குடித்தனம் நடத்துவது?

இந்த ஃப்ராய்ண்ட் 'போஸ்ட்கிரஸ்' என்ற புரோகிராமுக்கு உழைப்பவர். கணக்கு வழக்குகளைச் சேர்த்து வைக்கும் புரோகிராம் அது. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நீ ஒரு திருத்தம் அனுப்பினால், பிறர் அனுப்பிய திருத்தம் ஒன்றையாவது சரிபார்க்க வேண்டும்.

நம் மொய் வழக்கம்தான் இது! என் வீட்டு விசேஷத்துக்கு நீ செய்தாய். உன் வீட்டுக்கு நான் செய்கிறேன். நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறோமே!

"நான் நேற்று வந்தவன், பெரியவர்கள் எழுதியதில் குறை காணலாமா?" என்று தம்பிகள் கூச்சப்படுகிறார்கள். காஜா எடுக்கத் தெரியாதவர்கூடப் பொத்தான் இல்லாததைக் கண்டுபிடிப்பார். திருத்தத்தை வாங்கி ஓட்டிப் பாருங்கள். ஓடுகிறதா? சொன்னதைச் செய்கிறதா? புரியாத வரி இருந்தால், புரியவில்லை என்று கேளுங்கள். எழுதியவரே பதில் சொல்ல முடியாமல் விழிப்பதும் உண்டு! இறுதித் தீர்ப்பைப் பெரியவர்கள் சொல்லட்டும். அவர்கள் பாரம் பாதி குறையும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தைத்தவருக்குப் புகழ், செக்கிங் பார்த்தவருக்கு ஒன்றுமில்லை என்றால் யார் வருவார்? போஸ்ட்கிரசிலும் லினக்சிலும் திருத்தத்தோடு சரிபார்த்தவர் பெயரையும் எழுதுகிறார்கள். எழுத ஒரு வரிதான் ஆகிறது.