சந்தை லிட்டரை நம்பி மாடு பிடிக்கலாமா? – கங்காதர நெல்லூர் வட்டார மாடு வளர்ப்போர் குழுவின் நிலைப்பாடு

சித்தூர் மாவட்டத்தின் எந்தச் சந்தையில் கறவை மாடு விலைக்கு நின்றாலும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர்?" என்பதுதான். அதற்குத் தோதாக முதல் நாள் மாலைக் கறவையை விட்டுவிட்டு, மடி விம்ம மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும் தரகர்களும் உண்டு. அடுத்து, எத்தனையாவது ஈத்து என்று கேட்பார்கள். கன்று போட்டு எத்தனை மாதம், அதற்கு முந்தைய கன்று எப்போது, இப்போது சினை பிடித்திருக்கிறதா என்ற கேள்விகள் பெரும்பாலும் மாடு வீட்டுக்கு வந்து தீவனக் கடன் ஏறிய பிறகே எழுகின்றன. ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் நடுவில் மாடு தின்ற தீவனத்துக்கு எவ்வளவு பால், எத்தனை கன்று கிடைத்தது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது இக்குழுவின் நிலைப்பாடு.

கணக்கு எளிது. ஈன்ற சில வாரங்களில் உச்சத்துக்கு ஏறும் கறவையை 200-ஆல் பெருக்கினால், 305 நாள் ஈத்துக்கான மொத்தப் பால் ஏறக்குறைய வந்துவிடும். உச்சத்தில் 14 லிட்டர் கறக்கும் மாடு ஓர் ஈத்துக்கு 2,800 லிட்டர் தரும். 10 லிட்டர் மாடு 2,000 லிட்டர். முதல் மாடு 18 மாதத்துக்கு ஒரு முறையும் இரண்டாவது மாடு 13 மாதத்துக்கு ஒரு முறையும் ஈனுகின்றன, இரண்டும் 305 நாளில் வற்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வற்றிய நாளையும் சேர்த்து வகுத்தால், இரண்டிலுமே நாளொன்றுக்குக் கிடைப்பது சுமார் 5.1 லிட்டர்தான். ஆறரை ஆண்டில் பத்து லிட்டர் மாட்டுக்கு ஆறு ஈத்து இடைவெளி முடிந்திருக்கும். பதினான்கு லிட்டர் மாட்டுக்கு நான்குதான். சந்தை விலையோ பதினான்கு லிட்டருக்கே கூடுதல்.

பதின்மூன்று மாதம் எங்கே பதினெட்டு ஆகிறது? மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். கருப்பை தேறுவதற்கே முதல் ஒன்றரை, இரண்டு மாதம் போய்விடும். மாடு 21 நாளுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வரும் என்பதால் மிஞ்சுவது ஒன்றிரண்டு வாய்ப்புகள். கோடையில் கலப்பின மாடு கத்தாமல், தாவாமல், இரவில் சில மணி நேரம் மட்டும் பருவம் காட்டிவிட்டு அடங்கிவிடுகிறது. அதைத் தவறவிட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது பழகிய வழக்கம். இந்த அடையாளங்களை முதலில் காண்பவர்கள் சாணம் அள்ளி, தண்ணீர் காட்டும் பெண்கள். பயிற்சிக்குக் கூப்பிடுவதென்னவோ ஆண்களை!

பசுவை எதை வைத்து மதிப்பிடுவது என்ற கேள்விக்கு, இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகள் வேறு விடை வைத்திருக்கின்றன. ஆந்திரத்தின் ஓங்கோல் மாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறி, பிரேசிலில் 'நெலோரே' என்ற பெயரில் அந்த நாட்டு இறைச்சி மந்தைகளின் முதுகெலும்பாகிவிட்டது. அங்கே பசுவின் தகுதியைப் பால்குடி மறக்கும் வயதில் அதன் கன்றின் எடை தீர்மானிக்கிறது. இனச்சேர்க்கைப் பருவம் முடிந்ததும் சினை பார்த்து, பிடிக்காத பசுவைக் கழித்துவிடுகிறார்கள். இங்கே அந்தக் கதவு கிடையாது. ஆந்திரத்தின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் பசுவதையைத் தடை செய்கிறது. சட்டம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இக்குழு நுழையவில்லை. சினை பிடிக்காத மாடு ஆண்டுக்கணக்கில் தொழுவத்தில் நின்று தின்னும் என்றால், தேர்வைக் கிடேரிப் பருவத்துக்கு முன்தள்ள வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறது. எந்தக் கிடேரியை வைத்துக்கொள்வது என்பதைத் தாயின் லிட்டரைக் கொண்டு முடிவு செய்யாமல், தாய் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஈன்றது என்பதைக் கொண்டு முடிவு செய்யலாம்.

மாட்டின் உருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புங்கனூர் குட்டை மாடு இந்த மாவட்டத்தின் பெருமை. 70 முதல் 90 சென்டிமீட்டர் உயரம், 115 முதல் 200 கிலோ எடை. 2024 பொங்கலையொட்டிப் பிரதமர் தம் இல்லத்தில் அதற்குத் தீனி கொடுத்த படம் நாடெங்கும் பரவிய பிறகு மவுசு இன்னும் கூடியது. "கொஞ்சம் தின்னும், அதனால் லாபம்" என்ற பேச்சும் கூடவே பரவியது. இதில் பாதிதான் உண்மை. உடலைப் பராமரிக்க விலங்குக்குத் தேவைப்படும் ஆற்றல், எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்று ஆய்வாளர் மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டினார். அதன்படி 400 கிலோ கலப்பின மாட்டுக்குத் தன் உடலைக் காக்கத் தேவைப்படுவது 150 கிலோ புங்கனூர் மாட்டைப் போல சுமார் இரண்டு மடங்கு. ஒன்று 10 லிட்டரும் மற்றது 3 லிட்டரும் தந்தால், பால் மூன்று மடங்குக்கும் மேல். தவிடும் புண்ணாக்கும் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் கலப்பினமே முந்தும். வரப்புப் புல்லும் கடலைக்கொடியும் மட்டுமே கிடைக்கிற மானாவாரி வீட்டில், மழை பொய்த்த ஆண்டில், குட்டை மாடு தாக்குப்பிடிக்கும். எனவே பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் புங்கனூர் இனத்தைக் காப்பதை இக்குழு முழுமனதோடு ஆதரிக்கிறது. பால் வருமானத்துக்கென்று லட்சங்கள் கொடுத்து அதை வாங்கச் சொல்வதை ஆதரிக்கவில்லை.

அதே கணக்கு கலப்பினத்துக்கும் பொருந்தும். 500 கிலோ மாட்டின் பராமரிப்புத் தீனி 400 கிலோ மாட்டைவிடச் சுமார் 18 சதவீதம் அதிகம். பாலும் அந்த அளவாவது உயராவிட்டால் பெரிய உடம்பு நஷ்டம்தான். எடைமேடை இல்லாத ஊரில் தையல் டேப்பே போதும்: மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 330 கிலோ.

ஆனால் மாட்டுவாரியான பதிவு யாரிடம் இருக்கிறது? சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-இல் மூடப்பட்ட பிறகு கொள்முதல் பெரிதும் தனியார் கைக்குப் போனது. 2014-இல் திருப்பதியில் தொடங்கிய ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனம் பெண்களையே உரிமையாளர்களாக்கியது பெரிய மாற்றம். யார் வாங்கினாலும் கொள்முதல் மையம் பார்ப்பது பாத்திரத்தில் உள்ள பாலின் கொழுப்பையும் இதர சத்தையும்தான். அது எந்த மாட்டின் பால் என்று அதற்குத் தெரியாது. மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு மாட்டியாகிவிட்டது. அந்த எண்ணுக்கு எதிரே ஈன்ற தேதியும், சினை ஊசி போட்ட தேதியும், மாதம் ஒரு நாள் கறந்த அளவும் ஏறினால்தான் தோட்டுக்குப் பயன்.

ஆகவே இக்குழு கேட்பது: கொள்முதல் செய்யும் நிறுவனங்கள் மாதம் ஒரு முறை மாட்டுவாரியாகப் பால் அளக்க உதவ வேண்டும், கால்நடைத் துறை சினைப் பரிசோதனை முடிவை அந்த எண்ணில் ஏற்றி, மாட்டுக்காரர் கைக்கும் தாளில் தர வேண்டும், மாட்டுக் கடன் தரும் வங்கிகள் லிட்டர் சான்றிதழோடு கடைசி இரண்டு ஈத்துத் தேதிகளையும் கேட்க வேண்டும். திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்தும் பயிற்சிகள் கங்காதர நெல்லூர், பெனுமூர், வெதுருகுப்பம் மண்டலங்களில் காலைக் கறவை முடிந்த நேரத்தில், தெலுங்கோடு தமிழிலும், பெண்களை முன்வைத்து நடக்க வேண்டும்.